டாலடேகா டெப்போ

அமெரிக்காவுக்கு ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோரை எங்கெல்லாம் கூட்டிப் போக வேண்டும் என்பதற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. நயாகரா, சுதந்திர தேவி, வெள்ளை மாளிகையின் வேலி, பிட்ஸ்பர்க் பெருமாள். இதில் ஒன்றை விட்டாலும் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லிவிடுவார்கள். அலபாமா மாநிலத்தில் நடக்கும் கார் பந்தயம் இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் வராது.

ஆனால் நாங்கள் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே, கம்மிங்கில். அதற்கும் வடக்கே டாசன்வில். பில் எலியட் என்ற புகழ்பெற்ற பந்தய ஓட்டுநரின் ஊர். அவருடைய மகன் சேஸ் எலியட் இப்போது ஓட்டுகிறார். அவர் ஜெயித்தால் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் கூரையிலிருந்து சங்கு ஊதும். இந்தக் காற்று எங்கள் பையனையும் பிடித்துவிட்டது. அக்டோபரில் அலபாமாவின் டாலடேகா பந்தயத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"500 மைல் அவங்க சுத்தறதப் பாக்க 130 மைல் நாம போகணுமா?" என்றாள் என் மனைவி.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "யாரு ஓட்டறாங்க? டிரைவருங்கதான? அப்ப நான் வர்றேன்."

அப்பா நாமக்கல்காரர். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அவருக்கு எண்ணோடு மனப்பாடம். இங்கே வந்ததிலிருந்து அவருக்கு ஒரே குறை, கையில் ஸ்டியரிங் இல்லை. நான் ஓட்டும்போது முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அந்தப் பக்கத்துத் தரைவிரிப்பு தேய்ந்துபோனதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். காரில் ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது. அதற்கு மேல் இன்னொன்றை அம்மா வைத்தாள். பெரிய பந்தய மைதானங்களில் ஒரு வசதி, பதினான்கு அங்குலப் பைக்குள் அடங்கினால் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். இதை என் மனைவி இணையத்தில் படித்த நிமிடத்திலிருந்து அவளுடைய எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அந்தப் பதினான்கு அங்குலத்துக்குள் எப்படி அடங்கின என்பது பொறியியல் கல்லூரியில் சொல்லித்தர வேண்டிய பாடம்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மின்சார அடுப்புச் சட்டியில் ஏதோ கொதித்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அட, வேக வெச்ச கள்ளக்காய்!" என்று கத்தினாள். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அது சாலையோரத் தின்பண்டம் என்பது, அங்கேயே குடியிருக்கும் எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஜார்ஜியா எல்லையைத் தாண்டி அலபாமாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அப்பா தன் கைக்கடிகாரத்தையும் காரின் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "டிரிப் ஷீட்ல எந்த நேரத்த எழுதறது?" என்றார். ஓய்வு பெற்றும் அவருக்கு அந்தக் கவலை விடவில்லை.

பையன் பின்சீட்டிலிருந்து வரலாறு சொல்லிக்கொண்டே வந்தான். மதுவிலக்குக் காலத்தில் போலீசிடம் சிக்காமல் சாராயம் கடத்தக் காரை முடுக்கியவர்கள், பிறகு தங்களுக்குள் யார் கார் வேகம் என்று போட்டி போட்டதில் வளர்ந்த விளையாட்டு இது. 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கி அதற்கு ஒழுங்கு கொண்டுவந்தார். ஜூனியர் ஜான்சன் என்ற மாபெரும் ஓட்டுநர் சாராய வழக்கில் சிறைக்கே போனவர். 1986இல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். "நல்ல சகவாசம்" என்றாள் அம்மா, கடலைத் தோலை உறையில் போட்டுக்கொண்டே.

அப்பாவுக்கு வரலாற்றில் அக்கறை இல்லை. பையன் அடுத்ததாகச் சொன்ன விஷயத்தில்தான் நிமிர்ந்தார். டாலடேகா மைதானம் 1969 செப்டம்பரில் திறந்தபோது, அந்த வேகத்தைத் தாங்கும் டயர் அன்று இல்லை. ஓட்டிப் பார்த்தால் டயர் கிழிகிறது. ஓட்டுநர்கள் ரிச்சர்ட் பெட்டி தலைமையில் சங்கம் வைத்திருந்தார்கள். இந்த டயரில் ஓட்ட முடியாது என்று பந்தயத்துக்கு முதல் நாள் வண்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"ஸ்டிரைக்கா!" அப்பாவின் கால் பிரேக்கிலிருந்து எடுபட்டது. "நிர்வாகம் என்ன பண்ணுச்சு?"

"வேற ஆளுங்கள வெச்சு ரேஸ் நடத்திட்டாங்க தாத்தா."

"கருங்காலிப் பசங்க" என்றார் அப்பா. அன்று ஜெயித்த ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் உயர்தரப் பந்தயத்தில் அதற்குப் பிறகு ஒருபோதும் ஜெயிக்கவில்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதற்கு முன் 1961இலேயே, சங்கம் அமைக்கப் பார்த்த கர்டிஸ் டர்னரையும் டிம் ஃப்ளாக்கையும் பில் பிரான்ஸ் ஆயுளுக்கும் தடை செய்திருந்தார். இதையும் பையன் சொன்னான். மைதானத்துக்குள் நுழையும்போது அப்பா ஏதோ நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மைதானம் என்றால் சாதாரண மைதானம் அல்ல. ஒரு சுற்று 2.66 மைல். வளைவுகளில் சாலை 33 பாகை சாய்ந்து நிற்கிறது. அதில் நடந்து ஏறவே மூச்சு வாங்கும். எங்களுடையது டொயோட்டா கேம்ரி. ஓடுதளத்திலும் கேம்ரிகள் நின்றன. அப்பா பெருமையோடு நெருங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "ஹெட்லைட்ட ஸ்டிக்கர்ல ஒட்டியிருக்கான். கதவே இல்ல. ஜன்னல் வழியா ஏர்றான். நம்மூர்ல சீட்டுப் பிடிக்கறவன்தான் ஜன்னல்ல ஏறுவான், இங்க டிரைவரே ஏர்றானே!"

தொடங்குமுன் போதகர் ஒருவர் பிரார்த்தனை செய்தார். 2011இல் நாஷ்வில்லில் ஜோ நெல்ம்ஸ் என்ற போதகர் கார்களுக்கும் பெட்ரோலுக்கும் டயருக்கும், அதோடு தம் மனைவியின் அழகுக்கும் சேர்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்லி நாடு முழுவதும் பேசப்பட்டாராம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பவளான அம்மா அதில் ஒரு குற்றமும் காணவில்லை. அவளுடைய ஆட்சேபம் பந்தயம் தொடங்கிய பிறகுதான் வந்தது.

"இவனுக எல்லாம் இடம் சுத்தறானுக. கோயில்ல வலஞ்சுத்துனாத்தான புண்ணியம்? இப்படிச் சுத்துனா முட்டிக்காம என்ன செய்யும்?"

188 சுற்றும் இடது பக்கமாகத்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சத்தத்தைப் பற்றி எழுதிப் பயனில்லை. நாற்பது கார்கள் ஒரே கொத்தாகத் தாண்டிப் போகும்போது காதில் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. அப்பா முதல் சில சுற்றுகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தார். ஒட்டி ஒட்டி ஓட்டுகிறார்கள், ஒருவன் பின்னால் ஒருவன் முட்டித் தள்ளுகிறான், டெப்போவாக இருந்தால் இந்நேரம் மெமோ கிழித்திருப்பார்கள் என்றார். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் வருகிறவனுக்குச் சிரமம் குறைவு, இருவரும் சேர்ந்தால் தனியாகப் போவதைவிட வேகம் என்று பையன் விளக்கினான். அப்பா அரைமனதாகத் தலையாட்டினார்.

பிறகு பையன் வாடகைக்கு எடுத்திருந்த வானொலிக் கருவியை அவர் காதில் மாட்டினான். ஓட்டுநருக்குத் தலையும் கழுத்தும் கட்டிப் போட்டிருப்பதால் பக்கத்தில் வருகிறவனைத் திரும்பிப் பார்க்க முடியாது. அதற்காக ஒவ்வொரு காருக்கும் மைதானத்தின் உச்சியில் ஒருவர் நின்று, உள்பக்கம் ஒருத்தன் வர்றான், இன்னும் ஒட்டியிருக்கான், தாண்டிட்டான் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். தெற்கத்தி ஆங்கிலம் அப்பாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், இவன் கண்டக்டர்டா!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "வரட்டும், வரட்டும்… ஹோல்டான்! ரைட் போ!" என்று அந்த உச்சியிலிருந்தவருக்கு இணையாக இங்கிருந்தே ஓட்டினார். பக்கத்து இருக்கையில், மூன்றாம் எண் தொப்பி அணிந்த ஒரு பெரியவர். அது 2001இல் டேடோனா பந்தயத்தில் இறந்த டேல் எர்ன்ஹார்டின் எண். பெரியவர் லாரி ஓட்டுநராக இருந்தவராம். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் கையும் கியர் மாற்றும் கையும் போதுமானதாக இருந்தன. புளிசாதமும் வறுவலும் அந்தப் பக்கம் போயின. அவர் கண்ணில் நீர் வந்தது; வறுவலில் என் மனைவி போட்ட மிளகாய்த் தூளின் வேலை.

நடுவில் வேகம் குறைந்து எல்லோரும் மந்தமாக ஓட்டினார்கள். எனக்குச் சலித்தது. பெட்ரோலை மிச்சம் பிடித்தால் நிரப்ப நிற்கும் நேரம் குறையும், அதுதான் இப்போதைய தந்திரம் என்றான் பையன். "கேஎம்பிஎல்!" என்றார் அப்பா. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய் என்று டெப்போவில் தினமும் கேட்கப்பட்டவர் அவர். இங்கே ஏறக்குறைய இரண்டுதான் என்று கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். வேகத்தை அடக்க எஞ்சினில் ஒரு தடையும் வைத்திருக்கிறார்கள். 1987இல் பில் எலியட் இங்கே மணிக்கு 212.809 மைல் தொட்டார். அதே வாரப் பந்தயத்தில் பாபி அலிசனின் கார் பறந்துபோய் வேலியைக் கிழித்தது. அடுத்த ஆண்டே கடிவாளம் வந்தது. "நம்ம பஸ்ல கவர்னர் வெச்ச மாதிரி" என்றார் அப்பா. பெரியவருக்கும் சைகையில் சொன்னார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பலமாகத் தலையாட்டினார்.

கடைசிச் சுற்றுகளில், இந்த மைதானத்தின் வழக்கப்படி, ஒருவன் தட்டியதில் பத்துப் பதினைந்து கார்கள் சுழன்று மோதின. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அப்பா மட்டும் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக ஜன்னல் வழியே இறங்கி நடக்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை. எல்லோரும் இறங்கியாயிற்று என்று பையன் உறுதி சொன்ன பிறகுதான் புளிசாத டப்பாவை மறுபடி கையில் எடுத்தார்.

முடிந்ததும் வெளியேற வேண்டுமே. புல்வெளியில் நிறுத்திய ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே வாசலை நோக்கி முகத்தைத் திருப்பின. அரை மணி நேரம் ஒரு சக்கரமும் உருளவில்லை. அப்பா கதவைத் திறந்து இறங்கினார். நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. நாக்கை மடித்து ஒரு விசில் அடித்தார். எதிரே வந்த பெரிய பிக்கப் வண்டி நின்றது. அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிப் பின்னுக்கு அனுப்பினார். எங்கள் வரிசைக்கு இரண்டு விசில். இரண்டு விசில் என்றால் போகலாம் என்று அலபாமாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, போனார்கள். தொலைவில் நின்ற போலீஸ்காரர் வேட்டி கட்டிய இந்த ஊழியரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேறு பக்கத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

டாலடேகாவில் ஆண்டுக்கு இரண்டு முறை பெரிய பந்தயம். அடுத்தது ஏப்ரலில். அப்பாவுக்குத் திரும்பும் டிக்கெட் பிப்ரவரியில். டிக்கெட்டின் தேதியை மாற்றவும் தங்கும் அனுமதியை நீட்டிக்கவும் எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா வரமாட்டாளாம். அவர்கள் வலஞ்சுற்ற ஆரம்பித்தால் சொல்லி அனுப்பு, அப்போது பார்க்கலாம் என்கிறாள்.