விரலிடுக்கின் வழியே: ‘ஏலியன்’ படத்தை முதன்முதலாகப் பார்க்காமல் இருந்தவர்கள் குறித்த ஓர் ஆய்வு

‘ஏலியன்’ திரைப்படம் 1979 மே 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. அதைப் பார்த்தவர்களைப் பயந்தவர்கள் என்றும், பயப்படவில்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் என்றும் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இந்தப் பகுப்பு ஆராய்ச்சிக்கு உதவாது. இக்கட்டுரையின் கருதுகோள் வேறு: அந்தப் படத்தை முதல் தடவையாக எவரும் பார்த்ததே இல்லை. முதல் தடவை பார்த்ததாக அவர்கள் நினைவில் வைத்திருப்பது, உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டு விரல்களுக்கு நடுவே கிடைத்த சில கீற்றுகளையும், பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதையும், காதில் விழுந்த ஓசைகளையும் சேர்த்து அவர்களே தைத்துக்கொண்ட இன்னொரு படம். அந்தப் படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் அல்லர், பார்வையாளரின் வலக்கை. இடக்கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருப்பதால் அதற்குப் பங்கில்லை. மூட இரண்டு கையும் தேவைப்படுவோர் நிலை தனி. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் விரலிடுக்கை வரையறுத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை முகத்தில் முழுதாகப் படிந்திருக்க, சுட்டு விரலுக்கும் நடு விரலுக்கும் இடையே ஓர் அரிசி நுழையும் அளவு வழி விட்டிருப்பதே முறையான விரலிடுக்கு. நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே வழி விடுபவர்களும் உண்டு; அவ்விரண்டையும் தனித்துப் பிரிப்பது கடினமாகையால் அது பழகிய கைகளுக்கே கூடும். துப்பட்டா, முன் இருக்கையின் முதுகு, பாப்கார்ன் பொட்டலம் ஆகியவற்றின் பின்னால் ஒளியும் மரபு இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவற்றில் இடுக்கு இல்லை. துப்பட்டாவில் உண்டே என்று வாதிடலாம். அது நெசவைப் பொறுத்தது. சரியாக அந்த நொடியில் செருப்பைத் தேடிக் குனிபவர்களையும் சேர்க்கவில்லை. செருப்பு உண்மையிலேயே காணாமல் போயிருக்கக்கூடும் என்ற ஐயத்தின் பலனை அவர்களுக்கு அளித்திருக்கிறோம்.

விரலிடுக்குக்காரர் தனித்து இயங்குவதில்லை. அவருக்கு ஓர் உரையாசிரியர் தேவை. “போயிடுச்சா?” என்று அவர் கேட்க, “இன்னும் இல்ல, இரு” என்று பக்கத்து இருக்கை பதில் சொல்லும். “இப்ப?” “இப்பவும் இல்ல.” இந்த உரையைக் கொண்டுதான் மூலம் உருவாகிறது. மூலநூல் மறைந்து, உரைகளில் காட்டப்பட்ட மேற்கோள்களாக மட்டும் உயிர் தரித்திருக்கும் நூல்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. ஆகவே இம்முறையை நாம் இழிவாகக் கருத வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், உரையாசிரியரும் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் உரை சொல்கிறார். இந்த ஏற்பாட்டைப் படமே அறிந்து வைத்திருக்கிறது. விண்கப்பலின் காற்றுக் குழாய்களுக்குள் கேப்டன் டாலஸ் தவழ்ந்து போகும் காட்சியில், அவருக்கு எதுவும் தெரிவதில்லை. வெளியே ஒரு கருவியில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டு, அது நெருங்குகிறது, நகருங்கள் என்று சக ஊழியர் லாம்பர்ட் பதறுகிறார். அவர் பார்ப்பதும் புள்ளியைத்தான், வேற்றுலகப் பிராணியை அல்ல. திரையரங்கின் முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை நடந்துகொண்டிருந்ததைத்தான் அந்தக் காட்சி திருப்பிக் காட்டியது.

இனிச் சான்றுகள். படம் 117 நிமிடம் ஓடுகிறது. ஏறத்தாழப் பாதி நேரம் கழிந்த பிறகே அந்தப் பிராணியின் குட்டி, கேன் என்ற ஊழியரின் மார்பைப் பிளந்துகொண்டு வருகிறது. வளர்ந்த உருவம் அதற்கும் பிறகு, பிரெட் என்பவர் பூனையைத் தேடிப் போகும்போதுதான் தலைகாட்டுகிறது. அதன் பின்னும் முழுப் பிராணி திரையில் இருக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். கையோ வாலோ தாடையோ தெரியும், ஆள் தெரியாது. இது சிக்கனமல்ல, எச்சரிக்கை. ரப்பர் உடைக்குள் ஒரு மனிதன் என்று தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் ஸ்காட்டின் கவலை. உடைக்குள் இருந்தவர் பொலாஜி படேஜோ. லண்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய இளைஞர், ஏறத்தாழ ஏழடி உயரம். இயல்பான மனிதருக்கு இருக்க வாய்ப்பில்லாத நீளக் கைகால்கள் இருந்தும், அவரையும் இருட்டிலும் நீராவியிலுமே நிறுத்தினார்கள். அப்படியிருக்க, படம் பார்த்துவிட்டு வந்தவரைக் கேளுங்கள்: தலையிலிருந்து வால்நுனி வரை வருணிப்பார். சில நிமிடத் துணுக்குகளை வைத்துக்கொண்டு இவ்வளவு முழுமையான வருணனை எங்கிருந்து வருகிறது? கண்ணிலிருந்து வந்திருக்க வழியில்லை. எஞ்சுவது விரல்.

இங்கே ஒரு சிறு முரண்பாட்டையும் பதிவு செய்துவிடுவது நல்லது. சுவிட்சர்லாந்து ஓவியர் எச்.ஆர்.கிகர் வடித்த அந்தப் பிராணிக்குக் கண்களே கிடையாது. கண் இல்லாத ஒன்றுக்கு அஞ்சி, கண் உள்ளவர் தம் கண்ணை மூடிக்கொள்கிறார். நாம் அதைப் பார்க்காவிட்டால் அது நம்மைப் பார்க்காது என்ற பூனைத் தத்துவம் இந்த இடத்தில் அடிப்படையையே இழக்கிறது. ஆயினும் கை கீழே இறங்குவதில்லை.

அச்சம் எதனால் பிறக்கும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கு காரணங்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலே ஆள்பவராகிய இறை. ஒரு படத்துக்கு இவற்றில் ஒன்றே போதும். பேய்ப் படங்கள் அணங்கோடு நின்றுவிடுகின்றன. ‘ஜாஸ்’ போன்றவை விலங்கோடு. ‘ஏலியன்’ நான்கையும் ஒரே கப்பலில் ஏற்றியிருக்கிறது. அந்தப் பிராணி விலங்கு என்பதில் ஐயமில்லை; வேறோர் உலகின் ஆற்றல் என்பதால் அணங்கு; கேனின் நெஞ்சுக்குள் ஒளிந்து கப்பலுக்குள் நுழைந்ததால் கள்வர்; உயிரினத்தைக் கொண்டுவந்து சேருங்கள், ஊழியர்கள் போனால் போகட்டும் என்று ரகசிய ஆணை பிறப்பித்த கம்பெனி, இறை. வியப்பாகிய மருட்கைக்கு அவர் சொல்லும் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவையும் தப்பவில்லை: கையளவுக் குட்டி சில மணி நேரத்தில் ஆளுயரத்தையும் தாண்டி வளர்வதைவிடச் சிறுமைக்கும் ஆக்கத்துக்கும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நான்கு காரணங்களும் ஒரே நேரத்தில் தாக்கும்போது ஒரு கை போதாமல் போவது இலக்கணப்படி சரியே. இரு கையாலும் மூடியவர்களை அதனால்தான் மேலே தனியாக வைத்தோம்.

இனி மறுப்புகள். கண்ணை மூடாமல் பார்த்த வீரர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அவர்களுக்குப் பதிலாக இயக்குநரே விரலை வைத்துவிட்டார். லாம்பர்ட்டின் முடிவை நாம் பார்க்கவில்லை. நெடுந்தொலைவில் கதாநாயகி ரிப்ளி ஓடிக்கொண்டிருக்க, இன்டர்காமில் அலறல் மட்டும் வருகிறது. மூடிய கண்ணுக்கும் திறந்த கண்ணுக்கும் அங்கே ஒரே காட்சிதான். இதற்கு உடலமைப்பு சார்ந்த காரணமும் உண்டு. மனிதருக்கு மூடத் தக்க வாயில்கள் நான்கு: இரண்டு கண், இரண்டு காது. மூடுவதற்குக் கைகள் இரண்டே. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை என்பதால் அறிவுடையோர் கையைக் காதுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் உலகெங்கும் கை கண்ணுக்கே போகிறது. காது திறந்தே கிடக்கிறது. ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையும் தேடற்கருவியின் பீப் ஒலியும் அந்தத் திறந்த வாசலில் தாராளமாக உள்ளே வருகின்றன. திகில் படத் தொழில் முழுவதும் இந்த இரண்டு கைப் பற்றாக்குறையின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மார்பைப் பிளக்கும் காட்சியைக் காட்டி இன்னொரு மறுப்பும் எழலாம்: அதில் எல்லாம் வெளிச்சத்தில்தானே நடக்கிறது, மறைப்பு ஏது? உண்மை. சாப்பாட்டு மேசை, வெள்ளைச் சுவர்கள், பளீரென்ற விளக்குகள். ஆனால் நம் நினைவில் அந்தக் காட்சியின் பெரும்பகுதி குட்டி அல்ல, முகங்கள். நடிகர்களுக்குத் திரைக்கதை தெரியும். ஏதோ வெளியே வரும் என்று தெரியும். ரத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் பாயும் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. பீய்ச்சிய ரத்தம் லாம்பர்ட்டாக நடித்த வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் அடித்ததும் அவர் நிலைகுலைந்தது நடிப்பல்ல. ஆக, முதல் தடவை பார்த்தவர்கள் என்று சட்டப்படி உரிமை கோரத்தக்கவர்கள் அந்த மேசையைச் சுற்றி நின்ற சிலரே. நாம் பார்த்தது, பார்த்தவர்களைப் பார்த்தது. கேனாக நடித்த ஜான் ஹர்ட்டோ மேசைக்கு அடியில் உடலை மறைத்துக்கொண்டு தலையையும் கைகளையும் மட்டும் வெளியே நீட்டியிருந்தார். அவரைச் சாட்சியாக ஏற்பது கடினம்.

“எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது” என்பதுதான் மிக வலுவான மறுப்பு. அதை உளவியல் ஏற்கெனவே சோதித்துவிட்டது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். கால்வாசிப் பேர் ஒவ்வொரு முக்கிய விவரத்திலும் தவறினார்கள், அதுவும் அவர்களில் சிலர் முழு நம்பிக்கையோடு. அவர்கள் கைப்பட எழுதியதையே எடுத்து நீட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. ‘ஏலியன்’ விஷயத்தில் குழப்பத்துக்கு இன்னுமொரு வாய்ப்பும் இருந்தது. டாலஸ் சுவரோடு பிசினால் ஒட்டப்பட்டு உயிரோடு கிடக்கும் காட்சி 1979இல் வெட்டப்பட்டது. ஆனால் அதே ஆண்டு வந்த ஆலன் டீன் ஃபாஸ்டரின் நாவலில் அது இருந்தது. படித்தவர்கள் அதைப் பார்த்தவர்களாக மாறுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? 2003இல் இயக்குநர் பதிப்பில் அந்தக் காட்சி சேர்க்கப்பட்டது. காட்சிகள் சேர்ந்தும் மொத்தத்தில் அந்தப் பதிப்பு ஒரு நிமிடம் போலக் குறைந்ததே தவிர நீளவில்லை. விரலிடுக்கை இயக்குநரே பின்பற்றத் தொடங்கிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

அப்படியானால் வீட்டில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்? அவர் உண்மையில் பார்க்கிறார். ஆனால் அவர் பார்ப்பது இறைச்சிக் கடை. முகத்தைக் கவ்வும் பிராணியை அறுத்து ஆராயும் காட்சியில் சிப்பிகள் கிடக்கின்றன. முட்டைக்குள் இருப்பது மாட்டின் இரைப்பை. அவருக்கு அச்சம் வருவதில்லை, அருவருப்பாகிய இளிவரல் வருகிறது. அது வேறு மெய்ப்பாடு, வேறு கட்டுரை. முதல் முறை இவ்வளவு குறைவாகவா இருந்தது, வெட்டிவிட்டார்களோ என்று அவர் சந்தேகப்படுவார். வெட்டியது யார் என்று அவர் கையைக் கேட்டால் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படம். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில் ஊரில் கலோனியல் தியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. 1958இல் வெளிவந்த ‘தி பிளாப்’ படத்தில் சிவப்புக் கூழ் ஒன்று புரொஜெக்டர் அறைத் துவாரம் வழியே வழிய, கூட்டம் அலறிக்கொண்டு வெளியே ஓடுவது அங்கேதான் எடுக்கப்பட்டது. இப்போது ஆண்டுதோறும் கோடையில் ஒரு விழா நடத்தி, ஊரார் அதே வாசல் வழியே அதே போல அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். படம் வந்தபோது பிறக்காதவர்களும் அந்த ஓட்டத்தில் உண்டு. நடக்காத முதல் தடவையை நினைவுகூர்வதற்கு இவ்வளவு ஒழுங்கான சடங்கு வேறெங்கும் இல்லை. ஓடும்போது கைகளை மேலே தூக்கியிருப்பதால் அவர்கள் கண்ணை மூட முடிவதில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம். எதிர்கால ஆய்வாளருக்கு உதவும்.

இறுதியாக ஜோன்ஸ் என்ற பூனையின் சாட்சியம். நாஸ்ட்ரோமோ கப்பலில் ரிப்ளியோடு உயிர் பிழைத்த ஒரே ஜீவன் அது. பிரெட் இறக்கும் காட்சியில் கண் சிமிட்டாமல் அத்தனையையும் நேருக்கு நேர் பார்க்கிறது. அதற்கு விரல் இருந்தாலும் இடுக்கு விடும் பழக்கமில்லை. ‘எவரும் முதல் தடவை பார்த்ததில்லை’ என்ற நம் கருதுகோளை இது தகர்த்துவிடும் போலத் தோன்றலாம். ஆனால் பூனை பயந்து சீற வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்பில் ஒரு தட்டிக்குப் பின்னால் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் ஒன்றை நிறுத்தி, சரியான நேரத்தில் தட்டியை விலக்கினார்கள். அது பார்த்தது நாயை. ஆகவே சாட்சிப் பட்டியலிலிருந்து பூனையின் பெயரும் நீக்கப்படுகிறது.