ஓடுதவனுக்கு ஒரு கெழவன் வேணும்

ஏ தம்பிமாரே, செத்த நில்லுங்க. நில்லுன்னு சொன்னா நின்ன எடத்துலயே குதிக்கியளே, அது என்ன சீக்கு? கையில கட்டியிருக்க கடிகாரம் கோவிச்சுக்கிடுமோ? சரி, குதிச்சுக்கிட்டே கேளுங்க. காதுக்குள்ள சொருகியிருக்கத மட்டும் கழத்துங்க. ஏட்டி தாயி, நீயுந்தான்.

மேலகரத்துத் திண்ணையில உக்காந்து நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். விடியக்காலம் தென்காசியில இருந்து குற்றாலத்துக்கு ஓடுதிய. செத்த நேரத்துல குற்றாலத்துல இருந்து தென்காசிக்கு ஓடுதிய. போகையிலயும் கையில ஒண்ணும் இல்ல, வரையிலயும் ஒண்ணும் இல்ல. எங்க காலத்துல ஒருத்தன் இவ்வளவு தூரம் ஓடுனாம்னா, ஒண்ணு பஸ்ஸ விட்டிருப்பான், இல்ல கடன் குடுத்தவன எதுக்கப் பாத்திருப்பான். அதுலயும் அருவிக்கரை வரைக்கும் போயிட்டுக் குளிக்காமத் திரும்புத சென்மத்த உங்களுக்கு முன்னால நான் கண்டதே இல்ல.

இப்பம் புதுசா ஞாயித்துக்கெழம தோறும் சாக்கு வேற கொண்டு வாரிய. ஓடிக்கிட்டே குப்ப பொறக்குதியளாம். நல்ல காரியம், கொற சொல்லல. சுவீடன் தேசத்துல எரிக் ஆல்ஸ்ட்ரோம்னு ஒருத்தர் 2016-ல ஆரம்பிச்சு வெச்சது, பிளாக்கிங்னு பேருன்னு எம் பேரன் போன்ல காட்டுனான். 2019 அக்டோபர்ல சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்திருந்தப்போ நம்ம பிரதமரே கடக்கரையில குனிஞ்சு குப்ப பொறக்குனத டிவியில பாத்தோம். அதுக்குப் பெறகு, வீட்டுல விழுந்த கரண்டிய எடுக்கக் குனியாதவன்லாம் ரோட்டுல குனிஞ்சான். முதுகுக்கு நல்லதுதான். ஆனா நீங்க ஒருத்தன் பாட்டில எடுக்க, ஒருத்தன் படம் பிடிக்க, மூணாவது ஆளு அந்தப் பாட்டில வாங்கித் திரும்பக் கீழ போட்டு 'வெளிச்சம் சரியில்ல மாப்ள, இன்னொருக்க எடு'ங்கான். ஒரு பாட்டிலு எத்தன வாட்டிதான் குப்பையா இருக்கும்?

பொறக்குன மூட்டைய ரோட்டோரத்துல சாத்தி வெச்சிட்டு பிரானூர் பார்டருக்குப் பரோட்டா திங்கப் போயிருதிய. ஓடிக் கொறச்சத ரெண்டு மடங்கா அங்க ஏத்திக்கிட்டு வாரிய, அது உங்க வயிறு, எனக்கென்ன. ஆனா அந்த மூட்டைய ராத்திரி நாய் கிழிச்சுப் போட்டுருது. மறுநா காலையில தூய்மைப் பணியாளருங்கதான் அத ரெண்டாவது தடவ அள்ளுதாவ. அவியகிட்ட முந்துன நாளே ஒரு வார்த்த கேட்டா உங்க கௌரவம் கொறஞ்சிருமா? வண்டி எங்க நிக்கும், எத்தன மணிக்கு வரும், எந்த ஓடைக்குள்ள அவியளால எறங்க நேரமில்லாமக் கெடக்குன்னு அவியளுக்குத் தெரியும். தெனமும் குனியுதவ அவிய. வாரத்துல ஒரு நாளு குனியுதவன் யோசன கேக்கலாம், தப்பில்ல.

இன்னொண்ணு. அருவியில ஒருத்தன் ஷாம்பு பாக்கெட்ட விட்டெறிஞ்சாம்னு வைங்க. அது சிற்றாத்துல எறங்கி, தென்காசியத் தாண்டி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேந்து, புன்னக்காயல் கடலப் பாத்துப் போயிக்கிட்டே இருக்கும். நீங்க விழுந்து விழுந்து ஓடுனாலும் அதப் பிடிக்க மாட்டிய. எண்ண, சோப்பு, ஷாம்பு போட்டு அருவியில குளிக்கக் கூடாதுன்னு ஐகோர்ட்டு மதுரைக் கிளை சொல்லி வருசக்கணக்காச்சு. ஒருவாட்டி தூக்கிப் போடுத பிளாஸ்டிக்குக்கு 2019 சனவரி 1-ந்தேதியே தட வந்தாச்சு. 2021 டிசம்பர்ல மஞ்சப்பையையும் மீட்டுக் கொண்டாந்தாச்சு. சட்டத்துக்குக் கொறச்சலே இல்ல. அதனால பொறக்குததுக்குப் பதிலா, சாரல் சீசன்ல அருவிக்குப் போற வழியில நின்னு, கையில இருக்க பாக்கெட்ட உள்ள போறதுக்கு முன்னாலயே வாங்கி வெச்சுப் பாருங்க. குனியுத வேலையே இல்ல. அதுல ஓட்டம் எங்க இருக்கும்பிய. தலையில எண்ணெயத் தேச்சுக்கிட்டு வாரவன்கிட்ட ஷாம்பக் குடுன்னு கேளுங்க. அவன் வெரட்டுத வெரட்டுல ஓட்டம் தன்னால வரும்.

ஒண்ண மட்டும் வெளாட்டு இல்லாமச் சொல்லிருதேன். பேரருவியில பாதுகாப்பு ஆர்ச்சத் தாண்டித் தண்ணி விழுதுன்னா குப்ப கெடந்துட்டுப் போட்டும், நீங்க கிட்டப் போகக் கூடாது. 2024 மே 17-ந்தேதி பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையன ஒருத்தன அடிச்சுக்கிட்டுப் போச்சு. கீழ நமக்கு வெயிலடிக்கும், மேல மலையில கொட்டிக்கிட்டு இருக்கும். அருவிக்கு உங்க ஞாயித்துக்கெழம தெரியாது.

ஊருக்கு ஒழைக்கதுன்னா எங்க ஆளுகளுக்குக் கொளத்து வேலதான். குடிமராமத்துன்னு கேள்விப்பட்டிருப்பிய, பரீச்சைக்குப் படிச்சிருப்பிய. மழைக்கு முன்னால வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வந்து கரைக்கு மண்ணு போடணும். கரை ஒடையுத நேரத்துல தெம்புள்ளவன் வந்து வேல செய்யணும்னு வெள்ளக்காரன் 1858-ல சட்டமே போட்டு வெச்சான். எங்க தாத்தன் பூட்டன்லாம் ஊர் மேல உள்ள பிரியத்துலயா போனாவ? கத விடாதிய. போகலன்னா மறுநா பக்கத்து வீட்டுக்காரன் 'என்னவே, நேத்து ஆளக் காணோம்'னு கேப்பாம்லா, அந்தக் கேள்விக்குப் பயந்து போனாவ. உங்கள அப்படிக் கேக்க ஆளில்ல. அதான் ஆனி மாசம் அம்பது பேரு ஓடுதிய, கார்த்திகை மழையில எண்ணிப் பாத்தா ஆறு பேரு வாரிய. மிச்சப் பேருக்குக் காலுல சுளுக்காம். ஒரே நாளு, ஒரே சுளுக்கு.

பராக்கிரம பாண்டியரு ஆள வேலைக்கு இழுக்கதுல எல்லாருக்கும் மேல. 15-ஆம் நூற்றாண்டுல தென்காசிக் கோயிலக் கட்டுனவரு. பின்னால ஒரு காலத்துல இந்தக் கோயிலு பழுதுபட்டா, அதச் சரி பண்ணுதவன் எவனோ அவன் கால்ல நான் இப்பமே விழுந்து கும்பிட்டாச்சுன்னு கல்லுல வெட்டி வெச்சிட்டுப் போயிட்டாரு. எவ்வளவு வெவரம் பாருங்க. பொறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டாச்சு. ராசா விழுந்து எழுந்த பெறகு எவன் 'எனக்கு வேல இருக்கு'ம்பான்? கோபுரம் செதஞ்சு மொட்டையாக் கெடந்து, கடேசியில 1990-ல ஒம்பது நெலையா எந்திரிச்சு நின்னுட்டுல்லா.

லண்டன்காரன் கல்லு வெட்டல, ஆனா அதே சூச்சுமத்தப் பிடிச்சுக்கிட்டான். ஐவோ கோர்ம்லின்னு ஒருத்தர். காசு கெட்டி ஜிம்முக்குப் போயி, நின்ன எடத்துலயே ஓடி, அம்புட்டுத் தெம்பையும் வேர்வையாக் கொட்டிட்டு வாரதுல அவருக்கு மனசு ஒப்பல. வீட்ட விட்டு எறங்க முடியாத ஒரு பெரியவருக்கு ஓடிப் போயிப் பேப்பர் குடுக்க ஆரம்பிச்சாரு. அதுல இருந்து வந்ததுதான் குட்ஜிம். இப்பம் கூட்டமா ஓடுதாவ, வழியில நின்னு ஒரு பொதுத் தோட்டத்தக் கொத்திக் குடுக்காவ, சாமான் தூக்கி அடுக்குதாவ, திரும்பி ஓடுதாவ. தனியாக் கெடக்க வயசாளியளப் பாக்கவும் ஓடுதாவ. அந்த வயசாளிக்கு அங்க என்ன பேரு தெரியுமா? கோச்சு! ஒத்த அடி ஓடண்டாம், விசிலு ஊதண்டாம். நாக்காலியில உக்காந்து, 'அந்தப் பய இன்னும் வரலியே'ன்னு வாசலப் பாத்தாப் போதும். எட்டு தெருவுக்கு அங்கிட்டுப் படுத்துக் கெடக்கவனுக்குப் போர்வைக்குள்ள முள்ளு குத்தும். எந்திரிச்சு ஓடிருவான்.

நம்ம கவர்மெண்டும் சும்மா இல்ல. 2023 நவம்பர் 4-ந்தேதி 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடபாத குறிச்சு 'நடப்போம் நலம் பெறுவோம்'னு ஆரம்பிச்சாவ. அப்பம் மந்திரியா இருந்த, மாரத்தான் ஓடுத மா. சுப்பிரமணியன் சப்பான்ல பாத்துட்டு வந்த யோசனையாம். அதும் நல்லதுதான். ஆனா அந்த 8 கிலோமீட்டருல எத்தன வீட்டுல கெழடு மட்டும் இருக்குன்னு எண்ணிக்கிட்டே ஓடியிருக்கியளா? பிள்ளைய சென்னையில, துபாயில. மாத்திர தீந்து போச்சுன்னா மருந்துக்கடைக்குப் போக ஆளில்ல. பென்சனுக்கு நான் உசுரோடதான் இருக்கேன்னு வருசா வருசம் காட்டணும், அதுக்குப் போன அமுக்கத் தெரியல. கெழவி ஒருத்தி ரேசன் கடையில விரல வெச்சா, தேஞ்ச ரேகைய மிஷினு ஏத்துக்கிட மாட்டேங்கு. அவ கூடப் போயி வழக்காடுததுக்கு ஒரு எளவட்டம் வேணும். குப்ப உங்களுக்காகக் காத்திருக்காது. எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, அது பாட்டுக்குக் கெடக்கும். இவிய காத்திருப்பாவ. 'புதங்கெழம வாரேன்'னு ஒருக்க சொல்லிட்டுப் போயிப் பாருங்க, செவ்வாக்கெழமையே நாலு பேருகிட்டச் சொல்லி வெச்சிருப்பாவ. பெறகு சுளுக்காவது, மண்ணாவது.

எனக்கா? எனக்கு என்னத்துக்குய்யா கோச்சு வேல. நான் பாட்டுக்குத் திண்ணையில கெடக்கேன். சரி, இவ்வளவு ஆசையாக் கேக்கிய, மாட்டேம்னா மரியாத இல்ல. பேப்பர் ஆறரைக்குள்ள வந்திரணும். வாரவன் பத்து நிமிசமாவது உக்காரணும், குதிக்கப்புடாது. மூட்டு மாத்திரைச் சீட்டு அந்த மாடக்குழியில இருக்கு. படம் எடுக்கணும்னா எடுத்துக்கிடுங்க, மொதல்லயே சொன்னியன்னா சட்ட போட்டுக்கிடுவேன். தூரம் பத்தலன்னு கடிகாரம் அழுதுன்னா காசிமேசர்புரம் பக்கமாச் சுத்தி வாங்க, எனக்கு ஆட்சேபண இல்ல. வழியில வேர்வையத் தொடைக்கேன்னு ராசிபலன் பக்கத்த மட்டும் நனச்சிராதிய.