ஏற்கெனவே வந்தவர்

தமிழ்நாட்டிலிருந்து காசிக்குக் கிளம்பும் எந்த டூர் பஸ்ஸிலும் இரண்டு டிரைவர்கள், ஒரு சமையற்காரர், ஒரு மேனேஜர், ஏற்கெனவே வந்தவர் ஒருவர் இருப்பார்கள். முதல் நால்வருக்கும் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. ஐந்தாமவர் கைப்பணம் கட்டி ஏறி, அந்த நால்வரின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்.

பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். எண்பத்தாறில் எல்.டி.சி.யில் குடும்பத்தோடு இதே வழியாகப் போனவர். போக வரச் செலவை ஆபீஸ் தரும் என்பதற்காகவே நடுத்தர வர்க்கம் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே பஸ் ஏறிய காலம் அது. அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷமாகக் கல்யாணப் பந்தலிலும் பென்ஷனர் சங்கத்திலும் பேசிவந்திருக்கிறார். இப்போது கேட்க ஒரு பஸ்ஸே கிடைத்திருக்கிறது. நாற்பது பேர், ஓடுகிற வண்டி, யாரும் எழுந்து போக முடியாது.

சேலம் தாண்டியதும் தொடங்குவார்.

"இது ஏழாம் நம்பர் ரோடு. கன்னியாகுமரியில பிடிச்சா காசியிலதான் விடும். 2,369 கிலோமீட்டர். இந்தியாவிலேயே நீளமான ரோடு."

சொன்னது அத்தனையும் சரி, ஒரு காலத்தில். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது அந்த ஏழின் பெரும்பகுதி, ஸ்ரீநகர்வரை போகிற 44-க்குள் போய்விட்டது. வெளியே பலகைக்குப் பலகை 44 என்றுதான் எழுதியிருக்கிறது. மேனேஜர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "நம்பரை மாத்தினா ரோடு மாறிடுமா தம்பி?" இதற்கு நெடுஞ்சாலைத் துறையிடமும் பதில் இருக்காது.

நாக்பூரைத் தாண்டினால் பெஞ்ச் புலிக் காடு. மிருகங்கள் கீழே நடந்துபோவதற்காகச் சாலையை அங்கங்கே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னலோரத்துக் குழந்தைகள் கீழே எட்டிப் பார்க்கும்போது அவர் இரக்கத்தோடு சிரிப்பார்.

"அப்பல்லாம் புலி ரோட்டு மேலயே நிக்கும்."

"நீங்க பார்த்தீங்களா, தாத்தா?"

"டிரைவர் பார்த்தார்."

லக்னாதோனில் 44 ஜான்சி பக்கம் பிரிந்துவிடும். காசிக்குப் போகிறவர்கள் ஜபல்பூர் சாலையைப் பிடிக்க வேண்டும். நள்ளிரவில் டிரைவர் அந்தப் பிரிவைக் கோட்டைவிட, தூக்கத்திலிருந்து எழுந்து கத்தி வண்டியைத் திருப்பவைத்தவர் அவர்தான். அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டது. அதன் பலனை பஸ் ஊர் திரும்பும்வரை அனுபவித்தது.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது, விலையாக. சார்மினார் என்றால் ஒரு டஜன் வளையல் எட்டு ரூபாய். தாஜ்மகால் என்றால் வாசலில் வெள்ளரிக்காய் நாலணா. திரிவேணி சங்கமம் என்றால் படகுக்கு ஆளுக்கு மூன்று ரூபாய். விஸ்வநாதர் தரிசனம் எப்படி இருந்தது என்று பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். இவர் கண்ணை மூடி யோசித்தார். நெகிழ்ச்சியோடு சொன்னார்: "அர்ச்சனைத் தட்டு ஒண்ணே கால் ரூபா."

பக்கத்து சீட்டுக்காரர் பல்லடத்து நூல் வியாபாரி. முதல் தடவையாகக் காசிக்கு வருகிறார். தலையாட்டிக் கேட்கிற சுபாவம். ஏற்கெனவே வந்தவர்களுக்கு இப்படி ஒருவர் எப்படியோ அமைந்துவிடுகிறார்.

பிரயாகைக்குள் நுழைகிற விடியற்காலையில் மொத்த பஸ்ஸையும் அவர் எழுப்பிவிட்டார். "யமுனைப் பாலம் வருது. மேல ரயில் போகும், கீழ நாம போவோம். காசு எடுத்து வெச்சுக்குங்க, ஆத்துல போடணும்." 1865-இல் திறந்த அந்த இரும்புப் பாலம் இன்னும் இருக்கிறது, ரயிலும் அதன்மேல் ஓடுகிறது. ஆனால் 2004-லிருந்து பக்கத்தில் இன்னொரு பாலம் இருக்கிறது; இரண்டு பெரிய தூண்களும் சாய்ந்த கம்பிவடங்களுமாக அகலமான பாலம். பஸ் அதில்தான் ஏறியது. தலைக்கு மேலே ரயில் இல்லை, வானம் இருந்தது. நாற்பது பேரும் கையில் காசோடு அவரைப் பார்த்தார்கள்.

"அதோ, அங்க தெரியுது பாருங்க. அதுதான் பாலம்."

"அப்ப இது என்னங்க?" என்றார் பல்லடத்துக்காரர்.

"இதுவும் பாலம்தான்," என்றார், மனசே இல்லாமல்.

காசி அவருக்கு இன்னும் பெரிய துரோகம் செய்தது. அவர் ஊரில் கிளம்பும்போதே எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார்: கோயிலுக்கு நாலு அடிச் சந்து வழியாகத்தான் போக வேண்டும், எதிரே மாடு வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், மூன்றாவது திருப்பத்தில் ஒரு செம்புக் கடை, அவர் பேரைச் சொன்னால் விலை குறைப்பான். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம் சந்தில் பாதியை விழுங்கிவிட்டது. லலிதா கட்டத்தில் கங்கையிலிருந்து ஏறினால் அகலமான படிகள், பரந்த முற்றம், நேரே கோயில். கூட வந்த பெண்கள் முழங்கால் வலியை மறந்து நடந்தார்கள். அவர் மட்டும் முற்றத்தின் நடுவில் நின்று, செம்புக் கடை இருந்திருக்க வேண்டிய இடத்தை அளந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து பூஜைப் பொருள்கள் 'சம்போ, சம்போ' முழக்கத்தோடு அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயின. இருநூறு வருஷத்துக்கும் மேலாக நாள் தவறாமல் நடப்பது. எண்பத்தாறிலும் இப்படியேதான் போயிருக்கும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாறாத ஒன்றைப் பற்றி அவர் என்ன சொல்ல முடியும்?

சாரநாத்துக்கு வெள்ளிக்கிழமை போகலாம் என்று முடிவு செய்தவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை அங்கே மியூசியத்துக்கு விடுமுறை என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். "நாங்க வெள்ளிக்கிழமைதான் வந்தோம், எனக்கு நல்லா ஞாபகமிருக்கு" என்று அடித்துப் பேசினார். நம் ரூபாய் நோட்டிலும் காசிலும் இருக்கிற அந்தச் சிங்கத் தூணின் உச்சியைப் பார்க்க வந்த கூட்டம், பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. சேலத்திலிருந்து வாயே திறக்காமல் வந்த அவர் மனைவி அப்போதுதான் பேசினார்.

"வெள்ளிக்கிழமை வந்தது நெசந்தான். அன்னிக்கும் பூட்டித்தான் இருந்துச்சு."

அந்த அம்மாளும் ஏற்கெனவே வந்தவர்தான் என்பது பஸ்ஸில் பலருக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு நைசாக அவரிடம் போய் விசாரித்தவர்களுக்குச் சில விவரங்கள் கிடைத்தன. எண்பத்தாறில் சங்கமத்தில் படகு ஏறியது அம்மாளும் பிள்ளைகளும் மட்டும்தான். ஐயாவுக்கு வயிறு சரியில்லை. மூன்று ரூபாய் மிச்சம்.

கயாவில் அட்சயவடத்தின் அடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலையை ஆயுளுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்கள் பாகற்காயா, சுரைக்காயா என்று வீட்டாரோடு கலந்து பேசிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் சட்டச் சிக்கல். போன தடவையே கொத்தவரங்காயை விட்டாயிற்று. விட்டதை மறுபடி விட முடியுமா? பண்டாவுக்குக் கேள்வி புரியவில்லை. மேனேஜர் பக்குவமாக நுழைந்தார்.

"இந்தத் தடவை ஏதாவது பழக்கத்தை விடலாமே சார். அடிக்கடி சொல்ற ஏதாவது வார்த்தை, அந்த மாதிரி..."

அவர் வெகுநேரம் யோசித்தார். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அப்போ காயைத்தான் விடச் சொன்னாங்க," என்றார்.

பூசணிக்காய் போயிற்று.

கயாவிலிருந்து காசிக்குத் திரும்பியபோது, தங்கியிருந்த விடுதி வாசலில் இன்னொரு தமிழ்நாட்டு பஸ் வந்து நின்றது. ஈரோட்டுப் பக்கத்து ஆட்கள், தூக்கக் கலக்கத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே வந்தவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு படியிறங்குவதற்குள் பல்லடத்து நூல் வியாபாரி அங்கே போய்விட்டார்.

"படகுக்கு எவ்ளோ சொன்னாலும் பாதி கேளுங்க. நாங்க வந்தப்ப இவ்ளோ கூட்டமெல்லாம் இல்லீங்க."

"அப்படீங்களா? நீங்க எப்ப வந்தீங்க?"

"திங்கக்கெழமை."