போகாமல் போனவர்கள்: சர்வரில் ஆளில்லா அமர்வுகள் குறித்து ஓர் ஆய்வு

சர்வருக்குள் நுழைவது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நுழைந்தவர் வெளியேறாதது பற்றி வாய் திறப்பார் இல்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் விண்டோஸ் சர்வர். தனி லைசென்ஸ் வாங்காதவரை, நிர்வாக வேலைக்கென ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் அதில் ரிமோட்டில் இருக்க முடியும். மூன்றாமவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், அவர்களில் ஒருவரின் இணைப்பைத் துண்டித்தால்தான் உள்ளே வர முடியும்.

உள்ளே அமர்வு வைத்திருப்போர் பலர் உண்மையில் உள்ளே இல்லை என்பதே முதல் கண்டுபிடிப்பு. ஒருவர் சாப்பிடப் போயிருக்கிறார். இன்னொருவர் வேலையையே விட்டுப் போய்விட்டார். மேல்மூலையில் உள்ள எக்ஸை அமுக்கியதும் வெளியே வந்துவிட்டதாக இருவரும் மனதார நம்புகிறார்கள். அறுந்தது இணைப்பு மட்டுமே. திறந்த நோட்பேட், பாதியில் விட்ட எக்ஸெல், அவை தின்னும் மெமரி எனச் சகலமும் அங்கேயே இருக்கின்றன. பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு ஊருக்கு நடந்தே போன கதை. இலக்கண நோக்கில் எக்ஸ் எச்சம். சைன் அவுட்தான் முற்று.

துண்டுக்குரியவரை அறிய, கமாண்ட் பிராம்ப்டில் ‘குயூசர்’ என்று அடிக்க வேண்டும். பெயர், அமர்வு எண், நிலை, சும்மா கிடந்த நேரம் எல்லாம் வரிசையாக வரும். நிலை ‘டிஸ்க்’ என்றிருந்தால் ஆள் இல்லை. நேரம் 12+04:31 என்றிருந்தால் 12 நாள், 4 மணி, 31 நிமிடம். நாளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டவர் நம்மவர்களின் சோம்பலை நன்கறிந்தவர் என்பது என் துணிபு.

நீக்கும் முறை எளிது: ‘லாக்ஆஃப்’, ஓர் இடைவெளி, அமர்வு எண். எண்ணை மறந்து என்டரைத் தட்டினால் தட்டியவரே வெளியே போவார். இத்தனை பாரபட்சமற்ற நீதி கணினித் துறையில் அபூர்வம்.

சேமிக்காத வேலை அழிந்துபோகுமே என்பார் சிலர். மெய்தான். ஆகவே முதலில் போன் போடுவது மரபு.

“சார், உங்க செஷன் ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. முடிச்சிடலாமா?”

“நான் போன வாரமே வெளிய வந்துட்டேனேப்பா!”

இடையில் இவர் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் வினை வேறு. பழைய அமர்வு பழைய பாஸ்வேர்டோடு முட்டி முட்டி, அவர் அக்கவுண்டையே லாக் செய்துவிடக்கூடும். அந்தப் புகாரும் நம்மிடம்தான் வரும்.

நிரந்தர மருந்து குரூப் பாலிசியில் இருக்கிறது. துண்டித்த அமர்வுக்கு அங்கே 1 நிமிடம் முதல் 5 நாள் வரை கெடு வைக்கலாம். தொடாமல் விட்டால் கெடுவே கிடையாது. 1 நிமிடம் கொடுமை: நெட் ஒருமுறை அறுந்தாலே உழைப்பெல்லாம் போச்சு. 5 நாள் அளவுக்கு மீறிய தாட்சண்யம். 3 மணி நேரம் போதும் என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. மறுப்போர் முதலில் சைன் அவுட் செய்துவிட்டு வந்து வாதிடவும்.