படிச்ச அண்ணன்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் விடியற்காலை ரயிலில் பெட்டிக்கு ஒரு ‘படிச்ச அண்ணன்’ இருப்பார். சாம்பியன், உரிகம், கோரமண்டல் தாண்டி பங்காருப்பேட்டை வருவதற்குள் கால் வைக்க இடமிருக்காது. அண்ணன் ஏறுவது முதல் ஸ்டேஷன் என்பதால் ஜன்னலோரம் நிரந்தரம். அதுவும் கர்ச்சீப் போட்டுப் பிடித்ததுதான். டிகிரியைக் காட்டி வாங்கியதல்ல.

அண்ணன் பி.ஏ., அப்புறம் அஞ்சல் வழியில் எம்.ஏ., கூடவே கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமா. எங்கே வேலை என்று கேட்டால் ‘ஐ.டி. கம்பெனி’ என்பார். வாசல் வரைக்கும் அது உண்மை. அங்கே அவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர்.

மடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். சர்டிபிகேட் எல்லாம் லேமினேஷன் போட்டது. “எவன் எப்போ இன்டர்வியூக்குக் கூப்புடுவான்னு சொல்ல முடியாதுப்பா.” ரயில் நகர்ந்ததும் நாலு பேர் முழங்கால் ஒன்று சேரும், ஃபைல் நடுவில் படுக்கும், மேலே சீட்டுக்கட்டு இறங்கும். எம்.ஏ. நல்ல பலகை. வளையாது, டீ சிந்தினாலும் துடைத்துவிடலாம்.

அவர் அப்பா எட்டாவது தாண்டாதவர். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வேலை. பாறையைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே கூரை நிற்குமா விழுமா என்று சொல்லிவிடுவார். மகனாவது மேலே வேலை பார்க்கட்டும் என்று படிக்க வைத்தார். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். அப்பாவுக்கும் வேலை இல்லை, மகனுக்கும் இல்லை. மகனிடம் டிகிரி மட்டும் உபரி.

அதனால் அட்வைஸ் குறையுமா? “இன்னா படிக்கிற?” என்பார். பி.காம். என்றால், “பி.இ. படிச்சிருக்கலாம்.” பி.இ. என்றால், “ஐ.டி.ஐ. முடிச்சிருந்தா பெமல் ஃபாக்டரில அப்ரன்டிஸாவது ஆயிருப்ப.” ஐ.டி.ஐ. என்றால், “டிகிரி வேணாவாப்பா, கல்யாணப் பத்திரிகைல போட?”

தங்கவயலில் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் உண்டு. பக்கத்து லைன் வீட்டுப் பையன் அதில் சேரப்போவதாகச் சொன்னபோது அண்ணன் சிரித்த சிரிப்பில் சீட்டெல்லாம் கலைந்தது. “மைனே இல்லாத ஊர்ல மைனிங்கா? மைன் கழிவு கொட்டின சயனைடு மலைல ஆடு மேய்ச்சிகினு இருப்பியா?” ஊர் எல்லைக்கு வெளியேயும் பூமிக்கடியில் ஏதாவது இருக்கும் என்பது அஞ்சல் வழிப் பாடத்தில் வரவில்லை போலும். பையன் டிப்ளமா முடித்தான். ராய்ச்சூர்ப் பக்கம் ஹட்டி தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அங்கே சேர்ந்துவிட்டான். சம்பளம் அண்ணனுடையதைப் போல இரண்டு மடங்கு.

பொங்கலுக்கு வந்து திரும்புகையில் அதே பெட்டியில் ஏறினான். அண்ணன் தோளில் தட்டினார். “நான்தான்டா அன்னிக்கே சொன்னேன், மைனிங் எடுன்னு.”

யாரும் மறுக்கவில்லை. பையன்தான் மெதுவாக, “அண்ணா, எங்க பக்கம் ஒரு ஆபீஸ்ல சூப்பர்வைசர் கேக்கறாங்க. டிகிரி இருக்கணுமாம். உங்க ஃபைலைக் குடுங்களேன்” என்றான்.

அண்ணன் ஃபைலைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டையும் பார்த்தார்.

“இருடா, இந்த ஆட்டம் முடியட்டும்.”