இறால் எண்ணும் பாடம்

கேள்வி: மூத்தவன் பார்த்தால்தான் படிப்பான், சின்னவளுக்கு வாயால் சொன்னால்தான் ஏறும். இரண்டு பேரையும் வீட்டில் வைத்தே படிப்பிக்கலாமா?
– ஒரு தாய், இலங்கைத்துறை

பதில்: பாடசாலையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா, இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இலேயே விதித்துவிட்டார்கள். பின்னேரம் உங்கள் கையில்தானே! கண்ணால் படிப்பவன், காதால் படிப்பவள் என்று பிரித்துக் கற்பித்தால் கூடுதல் பலன் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008இல் அமெரிக்க உளவியலாளர் நால்வர் ஆராய்ந்து எழுதினார்கள். அதனால் பிரிக்காமல், களப்பு இறாலை இருவர் முன்னாலும் கொட்டுங்கள். பத்துப் பத்தாகப் பிரிக்கட்டும், கிலோ விலையைக் கணக்குப் பார்க்கட்டும், மீசையை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதட்டும். பிறகு அண்ணன் வாயால் சொல்ல, தங்கை படம் வரையட்டும். பாடம் முடிந்ததும் பாடப்புத்தகத்தையே குழம்பு வைத்துவிடலாம்!