நிறுவனப் பிள்ளைத்தமிழ்

சின்னத் தொழில் செய்கிறவன் பச்சைப் பிள்ளை என்று அரசாங்கமே முடிவு கட்டியிருக்கிறது. 2015 ஏப்ரலில் வந்த முத்ரா கடனுக்கு வைத்த பேர்களைப் பாருங்கள்: 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், அதாவது பையன், 10 லட்சம் வரை தருண், அதாவது வாலிபன். 2024 பட்ஜெட்டில் வரம்பை 20 லட்சத்துக்கு இழுத்தார்கள், பிறகு அதற்குத் தருண் பிளஸ் என்று பேர் வைத்தார்கள். முதுமைக்குப் பேர் வைக்கவில்லை. அதுவரை இவன் எங்கே தாங்கப்போகிறான் என்ற கணக்காக இருக்கும். பிள்ளை என்றான பிறகு பிள்ளைத்தமிழ் பாடாமல் விடலாமா?

காப்புப் பருவத்தில் தெய்வங்கள் பிள்ளையைக் காக்க வேண்டும். கோவை கணபதிப் பக்கம் ஒற்றை லேத் போட்டுப் பட்டறை திறப்பவனைக் காப்பது சம்சாரத்தின் காதிலும் கழுத்திலும் கிடப்பதுதான். பிசினஸ் பத்திரிகைகளில் ஏஞ்சல் முதலீட்டாளர் என்று புகழ்கிறார்களே, அந்தத் தேவதை இந்த அம்மாதான். ஆனால் இவருக்குப் பங்கும் கிடையாது, போர்டு மீட்டிங்கில் நாற்காலியும் கிடையாது. அடகுக்கடைச் சீட்டும் மஞ்சள் கயிறும் உண்டு.

செங்கீரையில் பிள்ளை கையூன்றித் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டுமிடம் வங்கி மேலாளரின் மேசை. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லிவிட்டது. "ரூலெல்லாம் இருக்குதுங்க. வீட்டுப் பத்திரமும் இருந்துச்சுன்னா ஒரு தைரியமா இருக்கும்" என்பார் மேலாளர். தைரியம் அவருக்கு, பத்திரம் மாமனாருடையது. இவன் தலையாட்டுகிறான். ஜாமீன் கையெழுத்துக்கு வந்த மாமனாரும் ஆட்டுகிறார்.

அடுத்தது தால், தாலாட்டு. பெரிய கம்பெனிக்கு ஜாப் ஆர்டர் முடித்துப் பில் போட்டால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும் என்கிறது 2006-ஆம் வருஷச் சட்டம். அக்கவுண்ட்ஸ் பிரிவு பாடுவது வேறு: அடுத்த வாரம், எம்.டி. ஊரில் இல்லை, அடுத்த வாரம், கணினி வேலை செய்யவில்லை, அடுத்த வாரம். இந்தப் பாட்டில் பிள்ளை தூங்குவதில்லை. சட்டம் நன்றாகத் தூங்குகிறது. நடுவில் கூலி கொடுக்கத் தண்டல்காரரிடம் வாங்கியாயிற்று. அவர் நாள் தவறாமல் வருகிறார், அதனால் வருகைப் பருவத்தைத் தனியே பாட வேண்டியதில்லை. முத்தப் பருவத்தைப் பத்திரிகை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

சப்பாணி கொட்டுவது வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு. நம் தெருவில் கடை நஷ்டப்பட்டால் ஆள் மூழ்கிட்டான் என்பார்கள். பெங்களூரிலும் குருகிராமிலும் அதே நஷ்டத்துக்கு 'பர்ன்' என்று பேர். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு கைதட்டல். சீரிஸ் ஏ, சீரிஸ் பி என்று பிள்ளை அரிச்சுவடி படிக்கப் படிக்க, ஊரான் பணம் எரிகிறது. எரிந்து முடிவதற்குள் நிலாவைக் கூப்பிட்டாக வேண்டும்.

அம்புலியில் சாம, பேத, தான, தண்டம் நான்கையும் காட்டி நிலாவை விளையாட அழைப்பார்கள் புலவர்கள். நம் காலத்து நிலா, வைப்புநிதி வட்டி போதாமல் தவிக்கும் நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு. 2021 நவம்பரில் பேடிஎம் அழைத்தது. 18,300 கோடிக்குப் பங்கு வெளியீடு. அதில் 10,000 கோடி கம்பெனிக்குள் போகவே இல்லை, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றுக் கைக்கு எடுத்துக்கொண்ட காசு. எல்லாம் சட்டப்படிதான், பாவம். 2,150 ரூபாய்க்கு விற்ற பங்கு சந்தைக்கு வந்த முதல் நாளே 27 சதவீதம் விழுந்தது. நிலா தேயப் பதினைந்து நாள் ஆகும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தோம்.

சிறுபறை, கொட்டிப் பேர் பரப்புவது. இதில் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தை மிஞ்ச ஆள் இல்லை. 2005-இல் பறக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட லாபம் பார்க்காத கம்பெனி அது. அதனிடம் வங்கிகள் வாங்கிக்கொண்ட ஈடுகளில் ஒன்று அதன் பேர். ஆமாம், பேரேதான். மாமனாரின் வில்லங்கச் சான்றிதழை முப்பது வருஷத்துக்குப் புரட்டும் அதே வங்கிகள்! 2011-இல் கடனில் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டார்கள். சந்தையில் 40 ரூபாய் சுமாருக்குக் கிடந்த பங்குக்கு வங்கிகள் ஒப்புக்கொண்ட விலை 64 ரூபாய் 48 காசு. காய்கறிக்காரம்மாவிடம் நாலு ரூபாய்க்குப் பேரம் பேசும் நாட்டில் இதை யாரும் பேரம் பேசவில்லை. 2012 அக்டோபரில் விமானங்கள் தரையில் நின்றன. 2016 மார்ச்சில் முதலாளி மட்டும் பறந்தார். அடுத்த மாதம் பேரை 366 கோடிக்கு மேல் விலை வைத்து ஏலம் விட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்து வருஷத்தில் வங்கிகள் 10 லட்சம் கோடிக்கு மேல் கடனைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்ததாக நிதியமைச்சர் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்பது விளக்கம். இந்த இலக்கண நுட்பத்தை லேத் பட்டறைக் கதவில் நோட்டீஸ் ஒட்ட வருகிறவர் ஏன் கற்றுக்கொள்ளவில்லை?

சிற்றிலை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைப் பிள்ளை காலால் எற்றுவான். சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். வீடியோகான் குழுமம் திவாலானபோது ஒப்புக்கொள்ளப்பட்ட பாக்கி ஏறத்தாழ 64,800 கோடி. வாங்க வந்தவர் கொடுப்பதாகச் சொன்னது 2,962 கோடி. 2021 ஜூனில் தீர்ப்பாயம் இதற்குச் சம்மதித்தது, ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காமல் வாங்குகிறார்கள் என்று அதுவே முனகிக்கொண்டு. அடுத்த ஜனவரியில் மேல்முறையீட்டில் உத்தரவு ரத்தானது தனிக்கதை. அந்தத் திட்டத்தில் சரக்கு கொடுத்தவர்களுக்கு, அதாவது பில் போட்டுவிட்டுத் தாலாட்டுக் கேட்டவர்களுக்கு, ஒதுக்கிய பங்கு 0.72 சதவீதம்.

லட்ச ரூபாய் பில்லுக்கு 720 ரூபாய். அந்த வேலைக்கு இரும்பு வாங்க நகையை வைத்து லட்சம் எடுத்திருந்தால், வருஷம் 9 சதவீதம் என்று குறைத்துப் பிடித்தாலும் மாத வட்டி 750. ஒரு மாத வட்டிக்கே முப்பது ரூபாய் குறைகிறது.